எலிக் கொப்பியில் என் தங்கச்சி

எலி என்றால் எனக்குப் பயமும் இல்லை, அருவருப்பும் இல்லை. வருடக்கணக்கில் சுண்டெலிகளுக்குத் தீன் போட்டு, கூடு கழுவி, குட்டிகளைப் பிரித்து வளர்த்து, செத்ததைப் பின்வளவில் புதைத்தவள் நான். ஆனால் வாசலில் மின்சார மணி பூட்டியிருக்கிற வீட்டுக்குப் போனால் அந்தப் பொத்தானை அமத்த மாட்டேன். கையால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பேன். ஏனென்று கேட்கிறவர்களிடம் "கறண்ட் அடிச்சுப்போடும் எண்டு பயம்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். அது பச்சைப் பொய். உண்மையை இப்போதாவது எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. விலங்கியலில் பட்டம் எடுத்துவிட்டு அளவெட்டியில் வீட்டோடு இருந்தேன். புகையிலைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினேன், பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன், விண்ணப்பம் எழுதினேன். கடைசியில் நகரத்துப் பக்கம் இருந்த ஒரு கல்விக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கே ஒரு விரிவுரையாளர். எங்கள் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, வெளிநாட்டில் பல வருடம் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். எல்லோரும் அவரைச் 'சேர்' என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே விடுகிறேன். வேறு எப்படிச் சொன்னாலும் என் வாயில் நல்ல சொல் வராது.

ஆனால் அந்த நாளில் அவரைப் போல ஒரு மனிதர் இல்லை என்று நினைத்தேன். மற்ற இடங்களில் எங்களைப் போன்றவர்களுக்குக் கதிரை கிடையாது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "இரும்" என்பார். எலி ஒன்று வித்தியாசமாக நடந்தால், "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்பார். ஒரு ஆம்பிளை, அதுவும் இவ்வளவு படித்தவர், நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வியில்தான் நான் ஏமாந்தேன்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். சில வம்சத்துச் சுண்டெலிகள் பார்வைக்கு மற்ற எலிகளைப் போலவே இருக்கும். ஆனால் பிறந்து மூன்று கிழமை ஆன குட்டியை ஒரு வட்டத் தொட்டிக்குள் விட்டு, மேலே பூட்டிய மின்சார மணியை அடித்தால், முதலில் விறைத்து நிற்கும். பிறகு தொட்டியைச் சுற்றிச் சுற்றித் தலைதெறிக்க ஓடும். ஓடின ஓட்டத்தில் பக்கவாட்டில் விழும். நான்கு காலும் அடித்துக்கொள்ளும். சிலது பின்னங்காலை நீட்டி விறைத்து, மூச்சு நின்று, அப்படியே செத்துப்போகும். தப்பிப் பிழைத்து வளர்ந்துவிட்டால் அதே எலி பிறகு மணியை ஒரு பொருட்டாகவே எடுக்காது. ஏன் அந்த வம்சம் மட்டும், ஏன் அந்த வயதில் மட்டும், எந்த மருந்து அதைத் தடுக்கும் என்றுதான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற தகரத் தொட்டி. சேர் சந்தையில் வாங்கியது. மணியை அடிப்பது, நேரம் பார்ப்பது, கொப்பியில் எழுதுவது என் வேலை. மூச்சு நின்ற குட்டியின் நெஞ்சை இரண்டு விரலால் மெல்ல மெல்ல அமத்திவிட்டால் சிலவேளை திரும்பி வரும். அதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். "உம்மடை கை நல்ல ராசியான கை" என்று சேர் சொல்லுவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஆனால் முதல் நாள், முதல் எலி விழுந்தபோது, நான் கொப்பியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டேன். எலிக்காக இரங்கி ஓடவில்லை. அந்த விழுகையை நான் ஏற்கெனவே எங்கள் வீட்டுக் குசினி அடுப்படியில் பார்த்திருந்தேன்.

என் தங்கச்சி எனக்கு ஏழு வயது இளையவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் கோயில் திருவிழாவில் மேளச்சமா, தவில் நாதஸ்வரக் கச்சேரி, நடந்துகொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்தவள், இரண்டு தவிலும் ஒன்றாக எழுந்த இடத்தில் விழுந்தாள். அன்றிலிருந்து திடீரென்று எழும்புகிற பெரிய சத்தம் என்றால் அவளுக்கு ஆபத்து. எப்போதும் வரும் என்றில்லை. வெடிச் சத்தத்துக்கு ஒருமுறை வரும், அடுத்தமுறை வராது. ஆனால் கெட்டிமேளம் என்றால் பெரும்பாலும் வந்துவிடும். அளவெட்டியில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு வருத்தத்தை, இந்த வலிப்பு நோயை, எந்தக் கடவுள் கொடுத்ததோ! எங்கள் ஊரில் கலியாணமோ திருவிழாவோ இல்லாவிட்டால், யாராவது ஒரு தவில்காரர் வீட்டில் சாதகம் பண்ணிக்கொண்டிருப்பார்.

வெளியே நாங்கள் "அவளுக்குத் தலைச்சுத்து" என்று சொல்லி வைத்திருந்தோம். அவளுடைய குளிசை வாங்க அம்மாவும் நானும் தூரத்தில் இருக்கிற கிளிநொச்சிக்குப் பஸ் ஏறுவோம். பக்கத்தில் எங்காவது டொக்டரிடம் மருந்துத் துண்டு எழுதுவித்தால், மருந்து வீட்டுக்கு வரமுதல் செய்தி ஊர்ப் புதினமாகிவிடும். பொம்பிளைப் பிள்ளைக்கு வலிப்பு என்று ஒருமுறை ஊரில் அடிபட்டால், பிறகு சம்பந்தம் என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்க முடியாது.

நான் ஓடிப்போய் மரத்தடியில் நின்றதைக் கண்டு சேர் வந்து விசாரித்தார். எவ்வளவு பரிவாகக் கேட்டார்! நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏழு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது எனக்கும் உமக்கும் இடையிலை" என்றார் அவர். "ஒண்டு செய்யும். எலிக்கு எழுதிறமாதிரியே தங்கச்சிக்கும் எழுதி வையும். என்ன சத்தம், எவ்வளவு தூரத்திலை, எத்தினை செக்கன் வலிச்சது. வடிவா எழுதினால் ஒரு நாளைக்கு அவவுக்கு உதவும்."

நான் எழுதினேன். அதே கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து கோடு போட்டு எழுதினேன். சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டது என்பதற்குத் தூரம் வேண்டுமே. கோயில் தேர் நிற்கிற தேர்முட்டியிலிருந்து, சின்னச் சந்தான ஒழுங்கை வழியாக, எங்கள் வீட்டு வளவு வரைக்கும் காலடியால் அளந்தேன். 'தேர்முட்டிக்கு வடக்கே, ஒழுங்கையில் இரண்டாவது வேலி' என்று எழுதினேன். வடக்கு என்பதும் முக்கியம்; தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் கோயில் மேளம் எங்கள் வளவுக்குள்ளேயே அடிக்கிற மாதிரிக் கேட்கும், வாடைக் காற்றில் அவ்வளவு கேளாது. இதையும் கண்டுபிடித்து எழுதினேன். சேர் பார்த்துவிட்டு, "அபாரம்! உம்மட்டை விஞ்ஞானிக்குரிய கண் இருக்கு" என்றார். தங்கச்சிக்கு இது ஒன்றும் தெரியாது. அவளைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எலிகளையும் நான் கேட்டதில்லையே.

அடுத்த வருடம் அவளுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. தென்மராட்சிப் பக்கம். மாப்பிள்ளை அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். தகப்பன் இல்லை, தாயும் ஒரு தமையனும். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. பொம்பிளை பார்க்கிறது கீரிமலையில், இரண்டு குடும்பமும் தற்செயலாகக் கோயிலில் சந்தித்த மாதிரி. தற்செயல் என்று இரண்டு பக்கமும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது! மாப்பிள்ளை கோயில் படியில் கால் இடறி, விழப் பார்த்து, தூணைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார்.

"தன்னைப் பாத்துத் தானே சிரிக்கிற மனிசன், நான் விழுந்தால் என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டார்" என்று தங்கச்சி அன்று வீட்டில் வந்து சொன்னாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. சும்மா அல்ல, வலுவாகப் பிடித்துவிட்டது. குசினியில் அரிசி களையும்போது தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

வருத்தத்தைக் கலியாணம் முடிந்தபிறகு மெல்லச் சொல்லலாம் என்பது அம்மாவின் எண்ணம். ஐயா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பாவும் தலையாட்டினார். தங்கச்சி ஒரே பிடியாக நின்றாள்.

"தாலி ஏறமுதல் நான் சொல்லுவன். என்ரை வாயாலை நான்தான் சொல்லுவன். அம்மா சொல்லப்படாது, ஐயா சொல்லப்படாது, புறோக்கர் சொல்லப்படாது. கேட்டிட்டு அவர் வேண்டாம் எண்டால் சரி, போகட்டும். ஆனா நான் சொல்லித்தான் அவர் கேக்கவேணும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ ஒருத்தரிட்டையும் மூச்சு விடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

நான் அவளுடைய தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். சேரிடம் எப்போதோ சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அந்த நேரம் நினைவில் வந்தது. சேர் என்றால் ஊர் ஆள் இல்லைத்தானே, அது வேறு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி அமாவாசைக்கு மாப்பிள்ளை தகப்பனுக்குத் தீர்த்தமாடக் கீரிமலைக்கு வருவார். எங்கள் வீட்டிலும் போவோம். அந்தச் சனத்துக்குள் பத்து நிமிடம் தனியாகக் கதைக்கலாம். அன்றைக்குச் சொல்லுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ஆவணியில் கலியாணம்.

எனக்கு வேறு ஒரு அந்தரம். அவர் சம்மதித்தாலும், மணவறையில் கெட்டிமேளம் அடிக்குமே! தாலி கட்டுகிற அந்த நேரத்தில் அவள் விழுந்தால் என்ன செய்வது? குளிசை தாங்குமா? நான் ஒரு கசற்றில் கெட்டிமேளத்தைப் பதிந்துகொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். எலி மூக்கைத் தூக்கி மணந்துவிட்டுத் தன்பாட்டுக்கு மூலையில் போய் இருந்தது. எனக்கு வந்த சந்தோசம்! சேர் விழுந்து விழுந்து சிரித்தார். எலிக்குக் கேட்கிற சத்தம் கீச்சென்ற சத்தம், தவிலின் சத்தத்தை அது கணக்கெடுக்காது, அதுவும் இந்தச் சின்னப் பெட்டியில் என்று விளங்கப்படுத்தினார். பிறகு தங்கச்சி எடுக்கிற அதே மருந்தை அளவு பார்த்து ஏற்றிவிட்டு மணி அடித்தோம். மருந்து ஏற்றின எலிகள் விழவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். விழவே இல்லை.

ஓடி வந்து தங்கச்சியிடம் சொன்னேன். "பயப்படாதை, எலி ஒண்டும் விழேல்லை!"

"கண்டறியாத எலி!" என்றாள் அவள். "அதுக்கு ஆர் தாலி கட்டுறது?" இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். நாங்கள் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்.

அமாவாசைக்கு இரண்டு கிழமை முந்தி, ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து ஊர் வாசிகசாலையில் சேருடைய பேச்சு. 'ஓசையும் வலிப்பும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். விஞ்ஞானத்தைத் தமிழில் சனத்துக்குச் சொல்லவேண்டும் என்பது அவருடைய கொள்கை. நல்ல கொள்கைதான். நான் எலிக்கூட்டையும் தொட்டியையும் மணியையும் எடுத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, மேடையில் ஓரமாக இருந்தேன். பெருமையாகத்தான் இருந்தேன், ஏன் மறைப்பான்.

மண்டபம் நிறைந்த சனம். மணி அடித்தேன். எலி ஓடியது, விழுந்தது, விறைத்தது. "ஐயோ, பாவம்" என்று பொம்பிளைகள் பக்கம் சத்தம் வந்தது. நான் நெஞ்சை அமத்தி அதைத் திருப்பி எடுத்தேன். சனம் கைதட்டியது. சேர் என்னைக் காட்டி, "இவதான் எங்கள் ஆய்வின் வலது கை" என்றார்.

பிறகு கொப்பியைக் கையில் எடுத்தார். எடுத்து, தலைகீழாகத் திருப்பினார்.

அது என் தங்கச்சியின் பக்கம்.

"இது எலிக்கு மட்டும் வருகிற வருத்தம் என்று நினைக்க வேண்டாம்" என்றார். "எங்கள் மத்தியிலும் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அது விஞ்ஞான தர்மம். அளவெட்டியில் ஒரு பெண்பிள்ளை. வயது இருபது. கோயில் தேர்முட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கெட்டிமேளம் கேட்டால் இந்த எலியைப் போலவே விழுவார்." பிறகு நான் எழுதின செக்கன்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

முன்வரிசையில் ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, சால்வை, நல்ல மனிதர்; எங்கள் பக்கத்து ஒழுங்கை, வேலி எல்லாம் மனப்பாடமானவர். அவர் கையை உயர்த்தினார்.

"சேர், ஒரு சின்னச் சந்தேகம். தேர்முட்டிக்கு வடக்காலையோ, தெற்காலையோ?"

நான் சேரைப் பார்த்தேன். வாய் திறக்காதேயுங்கோ என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார்.

"வடக்கு. ஒழுங்கையில் இரண்டாவது வேலி. சோளகம் வீசுகிற காலத்தில் வருத்தம் கூடுகிறது. இது மிக முக்கியமான தரவு."

"ஓ… ஓம், ஓம்" என்றார் தபாலதிபர். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். பிறகு வரிசை வரிசையாகத் தலை திரும்பியது. நான் அந்த எலியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பெயர் சொல்லவில்லையாம்! எங்கள் பக்கத்தில் ஆர்தான் பெயர் சொல்லி மனிதரை அடையாளம் காட்டுகிறார்கள்? பெயர் பிறப்புப் பத்திரத்துக்கு. எங்கள் ஒழுங்கையில் மட்டும் தங்கச்சியின் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். பெயரைச் சொல்லியிருந்தால், எந்தப் பிள்ளை என்று ஊர் குழம்பிப் போயிருக்கும், நாங்கள் தப்பியிருப்போம். எந்தக் கோயில், எந்த ஒழுங்கை, எத்தனையாவது வேலி என்று சொன்னால் அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? இதை வெளிநாட்டில் பிறந்தவர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விடலாம். கோயில் வீதியில் விளையாடி வளர்ந்த மனிதர் செய்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். எலிக்கூடு மடியில் இருந்தது.

"சேர், என்ன வேலை செய்துபோட்டியள்?"

"என்ன? நான் பேர் சொல்லேல்லையே."

"நீங்களும் இந்த மண்ணிலைதானே பிறந்தனீங்கள்? வேலியைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

அவர் முன்னால் போன மாட்டுவண்டிலை விலத்திக் காரை ஓட்டினார். பிறகு, "எலியை மட்டும் சொன்னால் சனத்துக்கு விளங்காது, பிள்ளை. மனிசரைச் சொன்னால்தான் விளங்கும்" என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போய், "கட்டுரை வரேக்கை உம்மடை பேரையும் கட்டாயம் போடுவன்" என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருந்தால், ஒரு நாளைக்கு நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. செய்தது தப்பு என்று தெரியாதவர் எதற்காக எனக்கு ஒன்று தர நினைக்கவேண்டும்? "சேர், காரை நிப்பாட்டுங்கோ" என்று சொல்லி, எலிக்கூட்டை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு நடந்துதான் போனேன்.

நாலாம் நாள் புறோக்கர் வந்தார். தங்கச்சியின் குறிப்பைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். இன்னொரு சாத்திரியிடம் காட்டினார்களாம், செவ்வாயில் ஒரு சிக்கல் இருக்கிறதாம். அவர் ஐயாவின் முகத்தைப் பார்க்காமல் வேலிப் பூவரசைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஐயா "ஓம், ஓம், அது இருக்கும்" என்று சொல்லி, அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு, தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா குசினிக்குள் சத்தம் போடாமல் அழுதாள்.

தங்கச்சி என்னிடம் வந்தாள். "ஆர் சொன்னது, அக்கா?"

நான் சொன்னேன். சேர், பேச்சு, தபாலதிபர், கொப்பி, எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நல்லது.

"தூரமும் அளந்தனியோ?"

"ஓம்."

"எப்ப?"

"போன வருசத் திருவிழாவுக்கு அடுத்த நாள்."

அவள் யோசித்தாள். "அண்டைக்கு நான் எழும்பேலாமல் பாயிலை கிடந்தனான்."

"ஓம்."

"நான் கிடக்கேக்கை நீ காலடி எண்ணினனி."

"உனக்கு உதவும் எண்டுதான்…"

"சத்தியம் பண்ணேக்கை, அக்கா, ஏற்கெனவே ஒருத்தரிட்டைச் சொல்லிப்போட்டன் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

சேர் என்னை ஏமாற்றினார் என்று நான்கு நாளாக நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தவள் நான். அவளுக்கு அந்த மனிதர் ஆரோ ஒரு வழிப்போக்கன். அவளை ஏமாற்றியது ஆர் என்று கேட்டால் அவள் என்னைத்தான் காட்டவேண்டும்.

ஆடி அமாவாசை வந்தது. சம்பந்தம் முறிந்தபிறகு இனி என்னத்துக்கு என்று அம்மா தடுத்தாள். தங்கச்சி கேட்கவில்லை. மயில் கழுத்து நிறச் சேலை கட்டிக்கொண்டு கீரிமலைக்கு வந்தாள். நானும் பின்னால் போனேன். கடலிலும் கேணியிலும் சனம் நிரம்பி வழிந்தது. அவர் தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுத்து, முழுகி, ஈர வேட்டியோடு படியேறி வந்துகொண்டிருந்தார். தங்கச்சி நேராகப் போய் அவருக்கு முன்னால் நின்றாள். நான் ஒரு தேங்காய்க் கடைக்கு அருகில் நின்று பார்த்தேன். அவள் நிமிர்ந்து நின்று ஏதோ தொடங்கினாள். அவர் தலையைக் குனிந்து ஒரு சொல் சொன்னார். அவள் நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான். அவர் ஈரத் தலையைத் துடைக்காமல் சனத்துக்குள் போய்விட்டார்.

"என்னடி சொன்னவர்?"

"'தெரியும்' எண்டவர்."

"பேந்து?"

"பேந்து என்ன? நான் வாயைத் திறக்கமுதல் அவருக்குத் தெரிஞ்சிட்டுது."

பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்தான் விட்டேன்.

வேலையை நான் உடனே விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. "இப்ப விட்டால், ஊர் கதைச்சது மெய் எண்டு நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி" என்று ஐயா சொன்னார். இன்னும் ஒரு வருடம் அந்த மணியை அடித்தேன். கொப்பியைத் திருப்பிக் கேட்டேன். அது ஆய்வுகூடத்துச் சொத்து என்றார் சேர். அவருடைய கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. கடைசியில், நன்றி சொல்கிற இடத்தில், சின்ன எழுத்தில் என் பெயர் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், நாசமாய்ப் போக.

தங்கச்சி எண்பதுகளின் தொடக்கத்தில் தையல் படிப்பிக்கப் போனாள். முதல் நாளே பிள்ளைகளிடம் சொன்னாளாம்: "எனக்கு வலிப்பு வாறது. நான் விழுந்தால் கத்தாதேங்கோ, கத்திரிக்கோலை மட்டும் எடுத்து அங்காலை வையுங்கோ." பஸ் கொண்டக்டருக்குச் சொன்னாள். சந்தையில் மீன் விற்கிற மயிலிட்டி மனிசிக்குச் சொன்னாள். ஒருவர் ஒன்று கேட்க முதல் தன் வாயால் தானே சொல்லிவிடுவாள். இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என்னோடு கதைப்பாள், கறிக்கு உப்புக் காணாது என்பாள், மழை வரப்போகுது என்பாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு, அவளுக்கு வருத்தம் வந்த சேதியை நான் வாசல் படலையால் போகிறவர்களிடம் கேட்டு அறிந்தேன்.

ஒருநாள் காலை கிணற்றடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நெற்றியோரத்தில் புதிய காயம், விழுந்து அடிபட்டது. எனக்குப் பதறிவிட்டது.

"ஐயோ, இது எப்ப வந்தது? என்ன சத்தத்துக்கு?" என்று கேட்டேன்.

அவள் துவாயை எடுத்து நிதானமாக முகத்தைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏன், எழுதிறதுக்கோ?" என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.